பேக்கேஜ் இருந்தது, கேவிஎம் இல்லை: விர்ச்சுவல் மெஷின் சோதனைகளில் நான் இழந்த வாரங்கள்

விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகளை, எழுப்பி அவற்றுக்குள் சோதனை ஓட்டும் வேலை உங்கள் கைக்கு வரப்போகிறது என்றால், இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். அந்த வேலை எனக்கு வந்தபோது, முதல் நாளே எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் இல்லை. அதனால் பல வாரங்கள் போயின, தூக்கம் போனது, சர்வர் வாடகைக்குக் கட்டிய பணம் போனது, ஒரு வெளியீடே தள்ளிப்போனது. கடைசியில் பிழை எங்கள் மென்பொருளில் ஒரு வரியில்கூட இல்லை. சோதனைக்குக் கீழே இருந்த அடுக்கில் இருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருந்தது சர்வர்களைத் தானாக அமைத்துக் கொடுக்கும் ஒரு கருவி. அதைச் சோதிக்க முழு இயங்குதளம் வேண்டும். அது பூட் ஆக வேண்டும், பேக்கேஜ்களை நிறுவ வேண்டும், இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை மாற்றி ரீபூட் செய்ய வேண்டும், அப்புறம் நெட்வொர்க் ஒழுங்காகத் திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மென்பொருளைத் தனியே அடைத்து ஓட்டும் கண்டெய்னர் இதற்குப் போதாது. அது ஹோஸ்டின், அதாவது தன்னை ஓட்டும் கணினியின், கர்னலையே பகிர்ந்துகொள்வதால் கர்னலை மாற்றிப் பார்க்க வழியில்லை. ஆகவே சோதனைகள் எல்லாம் லினக்ஸில், விர்ச்சுவல் மெஷினை எழுப்பும் க்யூஎமு, பிராசஸரின் உதவியோடு அதை வேகமாக ஓட்டும் கேவிஎம் இரண்டையும் வைத்து எழுதப்பட்டிருந்தன. ஒரு பகுதி க்யூஎமுவை நேரடியாக அழைக்கும், இன்னொரு பகுதி விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் லிப்விர்ட் வழியாகப் போகும். எனக்கு முன் இதைக் கவனித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். சோதனை இயந்திரத்தின் மதர்போர்டு பழுதாகி, வேறு போர்டு போட்டு, லினக்ஸை மறுபடி நிறுவி, அந்த நிலையில்தான் அது என்னிடம் வந்தது. பேக்கேஜ் பட்டியலில் எல்லாமே இருந்தன. கமாண்டை அடித்தால் பதிப்பு எண் வந்தது. ஆவணத்தில் இதைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி: விர்ச்சுவலைசேஷன் மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அந்த வரியின்படி எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

முதல் ஓட்டத்திலேயே சில சோதனைகள் விழுந்தன. மெஷின் எழுந்து, தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கும் வரை காத்திருக்கும் படியில் நேரம் முடிந்துபோனது என்று லாக் சொன்னது. மறுபடி ஓட்டினால் அவற்றில் பாதி தேறிவிடும், வேறு சில விழும். இந்த மாறி மாறி விழுவதுதான் ஆளை வதைக்கும். ஒரே சோதனை ஒரே இடத்தில் விழுந்தால் கையில் ஒரு நூல் இருக்கும். இங்கே பிடிக்க எதுவும் இல்லை. காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினேன். கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் கூட்டினேன். சோதனை முழுதும் முடிய இரவெல்லாம் ஆனது. காலையில் எழுந்ததும் கை முதலில் போனைத்தான் தேடும், எத்தனை சிவப்பு என்று பார்க்க. பார்த்ததும் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது போல இருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் நெட்வொர்க் பகுதியில் பெரிய மாற்றம் ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. விழுவதெல்லாம் இணைப்புக்குக் காத்திருக்கும் இடத்தில் என்பதால் எல்லோருடைய சந்தேகமும் அதன் மேல் போனது. பிழையைக் கொண்டுவந்த மாற்றத்தைத் தேடும் கிட் பைசெக்ட் போட்டோம். அது நடுவில் ஒரு கமிட்டை, அதாவது பதிவான ஒரு மாற்றத்தை, எடுத்து ஓட்டச் சொல்லும். தேறியதா விழுந்ததா என்ற நம் பதிலை நம்பி ஒரு பாதியை முற்றாகத் தள்ளிவிடும். நிலையாக விழும் பிழைக்கு இது அருமையான கருவி. நினைத்த நேரம் விழும் சோதனையில் அதை விட்டால், ஒரே ஒரு பதில் தவறாகப் போனாலும் குற்றமே இல்லாத பாதிக்குள் போய் மும்முரமாகத் தேடும். அப்படித்தான் நடந்தது. அது கைகாட்டிய கமிட்டை எழுதியவர் நல்ல மனிதர். தன் வேலையைத் திரும்ப எடுத்து, வேறு விதமாக எழுதிக் கொடுத்தார். சோதனைகள் முன்பு போலவே விழுந்தன. அவருடைய உழைப்பு அநியாயமாக வீணானது என்று இன்னமும் எனக்கு வருத்தம் உண்டு. இதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விழும் சோதனைகள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறினால் பைசெக்ட் பக்கமே போக வேண்டாம். போகத்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு படியிலும் பல முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

அடுத்து, இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை என்று முடிவாகி, கிளவுடில் கோர்களும் நினைவகமும் தாராளமாக உள்ள ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தோம். முன்பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டினோம். அங்கே சோதனைகள் இன்னும் மோசமாக ஓடின. பணம் கட்டிய பிறகு அந்த வரிகளைத் திரையில் பார்ப்பது வயிற்றைப் பிசையும் அனுபவம். காரணம் பின்னால்தான் புரிந்தது. கிளவுடில் கிடைக்கும் பெரும்பாலான சர்வர்கள் தாங்களே விர்ச்சுவல் மெஷின்கள். அதற்குள் இன்னொரு விர்ச்சுவல் மெஷினை வேகமாக ஓட்ட வேண்டும் என்றால், பிராசஸரில் விர்ச்சுவலைசேஷனுக்கென்றே உள்ள வசதியை வெளி ஹோஸ்ட் உள்ளே கடத்திவிட வேண்டும். இதை நெஸ்டட் விர்ச்சுவலைசேஷன் என்பார்கள். எல்லா வகைச் சர்வரிலும் இதைத் தருவதில்லை. நாங்கள் எடுத்த வகையில் அது இல்லை. கோர்கள் எத்தனை இருந்தாலும் பலனும் இல்லை, ஏனென்றால் ஒரு மெஷின் பூட் ஆகும் வேலையின் பெரும்பகுதி ஒரு கோரிலேயே நடக்கிறது. கட்டிய பணம் திரும்பி வரவில்லை.

வாடகைக்கு எடுப்பவர்கள் இதை அவசியம் செய்யுங்கள். மாதக் கணக்குக்குப் போகும் முன் ஒரு மணி நேரத்துக்கு மட்டும் எடுங்கள். உள்ளே போய் எல்எஸ்சிபியூ கமாண்டை ஓட்டி, பிராசஸரின் வசதிகளைக் காட்டும் ஃபிளாக் (flags) வரிசையில் இன்டெல் என்றால் விஎம்எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் என்ற பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் அங்கே உங்கள் சோதனைகளுக்கு இடமில்லை. நெஸ்டட் வசதி உண்டு என்று குறிப்பிட்டிருக்கும் வகையையோ, பேர் மெட்டல் எனப்படும் முழு இயந்திரத்தையோ தேடுங்கள்.

திருப்பம் வந்தது ஒரு எளிய யோசனையால். முந்தைய வெளியீட்டின் மூலநிரலையும், அப்போது பழைய போர்டில் முழுதாகத் தேறிய அதே சோதனைகளையும் எடுத்து இந்த இயந்திரத்தில் ஓட்டினேன். அவையும் விழுந்தன. மூலநிரலில் ஓர் எழுத்து மாறவில்லை, சோதனை மாறவில்லை, முடிவு மட்டும் மாறியிருக்கிறது. அப்படியானால் பிழை வேறெங்கோ இருக்கிறது. அன்று வந்த நிம்மதியையும் அதோடு கலந்து வந்த கோபத்தையும் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அவ்வளவு நாளும் எங்களைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல அலைந்திருக்கிறோம். முன்பு தேறியது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு பழைய பதிப்பை எப்போதும் கைவசம் வைத்திருங்கள். புதிய இயந்திரத்தில் முதலில் ஓட்ட வேண்டியது அதைத்தான்.

அப்புறம் கீழ் அடுக்கைப் பார்க்க ஆரம்பித்தேன். சோதனை ஓடும்போது ஹோஸ்டில் பார்த்தால், பூட் ஆகும் நேரம் முழுதும் க்யூஎமு ஒரு கோரை முற்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. எழுந்த மெஷினுக்குள் போய் எதன் மேல் ஓடுகிறது என்று சொல்லும் சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கமாண்டை ஓட்டினேன். கேவிஎம் என்று பதில் வர வேண்டிய இடத்தில் க்யூஎமு என்று வந்தது. அதன் பொருள் இதுதான்: இன்டெல் 2005 இலும் ஏஎம்டி 2006 இலும் தங்கள் பிராசஸர்களுக்குள் விர்ச்சுவலைசேஷனுக்கென்றே வசதியைக் கொண்டுவந்தன. அதைப் பயன்படுத்தும் கேவிஎம், 2007 இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்து லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் க்யூஎமு அதற்கும் மூத்தது. ஃபப்ரீஸ் பெல்லார்ட் அதை எழுதியபோது இந்த வசதிகள் கிடையாது. உள்ளே ஓடும் கட்டளைகளைத் துண்டு துண்டாக மொழிபெயர்த்து ஓட்டும் திறமை அதற்கு உண்டு. டிசிஜி என்று அந்தப் பகுதிக்குப் பெயர். கேவிஎம் இல்லாமலும் மெஷின் எழும், எல்லாம் வேலை செய்யும், ஆனால் பல மடங்கு மெதுவாக. எங்கள் ஸ்கிரிப்டில் கேவிஎம் கிடைத்தால் அதை எடு, இல்லாவிட்டால் டிசிஜிக்குப் போ என்று ஒரு வரி இருந்தது. வசதி இல்லாத லேப்டாப்பிலும் யாராவது ஓட்டிப் பார்க்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் சேர்த்திருப்பார்கள். டிசிஜிக்குத் திரும்புகிறேன் என்று க்யூஎமு லாக்கில் ஒரு வரி எழுதத்தான் செய்தது. எங்கள் சோதனைக் கட்டமைப்பு, தேறிய சோதனைகளின் லாக்கை மூடி வைத்துவிடும், விழுந்தவற்றின் லாக்கில் கடைசிப் பகுதியை மட்டும் காட்டும். அந்த வரி எப்போதும் தொடக்கத்தில் இருந்தது.

கேவிஎம் ஏன் கிடைக்கவில்லை? டிமெசெக் வழியாகக் கர்னலின் செய்திகளைப் பார்த்தபோது விடை அங்கேயே இருந்தது: விஎம்எக்ஸ் பயாஸில் (இயங்குதளத்துக்கு முன் ஓடும் மதர்போர்டின் மென்பொருளில்) முடக்கப்பட்டிருக்கிறது. மாற்றிப் போட்ட மதர்போர்டில் அது அணைந்த நிலையில் வந்திருக்கிறது. போர்டு மாற்றினாலும் சரி, பயாஸைப் புதுப்பித்தாலும் சரி, போர்டிலுள்ள சிறிய பேட்டரி தீர்ந்தாலும் சரி, அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடலாம். பயாஸில் எங்கே இருக்கிறது என்று தேடுவதும் ஒரு வேலை. இன்டெல் போர்டுகளில் இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி அல்லது விடி-எக்ஸ் என்று இருக்கும். பக்கத்திலேயே விடி-டி என்று ஒன்று இருக்கும், அது வேறு. கிராபிக்ஸ் கார்டு போன்ற சாதனத்தை நேரடியாக மெஷினுக்குள் கொடுப்பதற்கானது. அதை மட்டும் இயக்கிவிட்டு வந்தால் ஒன்றும் மாறாது. ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்று, பல நேரம் பிராசஸர் வேகத்தைக் கூட்டும் பக்கத்தின் உள்ளே புதைந்து கிடக்கும். மாற்றிச் சேமித்த பிறகு வெறும் ரீபூட்டோடு நிற்காமல், ஒரு முறை மின்சாரத்தை முழுதாக நிறுத்திப் போடுங்கள். பழைய போர்டுகள் சில அப்போதுதான் மாற்றத்தை ஏற்கும்.

இயந்திரம் இருந்த அறைக்கே போய், திரை முன் உட்கார்ந்து, பயாஸில் இயக்கிவிட்டு, அங்கேயே லாகின் செய்து ஓட்டினேன். பறந்தது. முன்பு பல நிமிடங்கள் இழுத்த பூட் சில நொடிகளில் முடிந்தது. எல்லாம் தீர்ந்தது என்று கிளம்பினேன். மறுநாள் காலை பார்த்தால், இரவு தானாக ஓடிய சோதனைகள் பழையபடி விழுந்து கிடக்கின்றன. உண்மையைச் சொன்னால், இந்த முழுக் கதையிலும் நான் மனதளவில் உடைந்தது அந்தக் காலையில்தான். பிழை என்னவென்று தெரியாமல் திணறியதைவிட, தெரிந்து, சரிசெய்து, கண்ணால் பார்த்த பிறகும் அது திரும்பி வந்தது தாங்க முடியாததாக இருந்தது.

இது லினக்ஸில் பலரைச் சுற்றலில் விடும் இடம், கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். கேவிஎம் ஒரு சாதனக் கோப்பாகத் தெரியும், டெவ் என்ற அடைவுக்குள் கேவிஎம் என்ற பெயரில். அதைத் திறக்க உரிமை உள்ள யூசர்தான் வேகமான மெஷினை எழுப்ப முடியும். பல விநியோகங்களில் அந்த உரிமை கேவிஎம் என்ற குரூப்பில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆனால் இயந்திரத்தின் திரை முன் நேரடியாக லாகின் செய்த யூசருக்கு, குரூப்பில் இல்லாவிட்டாலும், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தற்காலிகமாக உரிமை கொடுத்துவிடும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தத்தான் வந்திருக்கிறார் என்ற கணக்கு. எஸ்எஸ்ஹெச் வழியாக வருபவருக்கோ, பின்னணியில் ஓடும் சேவைக்கோ அந்தச் சலுகை இல்லை. அதனால் நான் அறையில் உட்கார்ந்து ஓட்டினால் கேவிஎம், இரவில் சேவை ஓட்டினால் டிசிஜி. சரி, சேவையின் யூசரைக் குரூப்பில் சேர்த்தேன். அன்றிரவும் விழுந்தது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பிராசஸ், தொடங்கியபோது இருந்த குரூப் பட்டியலைத்தான் வைத்திருக்கும். நடுவில் சேர்த்தது அதற்குத் தெரியாது. சேவையை நிறுத்தித் தொடங்கிய பிறகுதான் நிரந்தரமாகச் சரியானது. ஆகவே சரிபார்க்கும்போது சோதனை எந்த யூசராக, எந்த வழியில் ஓடுமோ அதே யூசராக, அதே வழியில் சரிபாருங்கள். உங்கள் டெர்மினலில் தேறியது உங்களுக்கு மட்டும்தான் சாட்சி. ரூட்டாகப் பார்ப்பது அதைவிட மோசம், ரூட்டுக்கு எல்லாக் கதவும் திறக்கும்.

இதோடு முடிந்திருந்தால் நேர இழப்பு என்று விட்டிருப்பேன். லிப்விர்ட் வழியாகப் போகும் சோதனைகளைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை, கவனித்தீர்களா? அவை இத்தனை நாளும் பச்சையாகவே இருந்தன. பச்சையாக இருப்பதை யார் திறந்து பார்ப்பார்கள்? கேவிஎம் சரியான அன்று, லிப்விர்ட் பகுதியின் ஓட்ட நேரம் மட்டும் ஏன் கூடியது என்று பார்க்கப் போனபோதுதான் தெரிந்தது, அதுவரை அந்தப் பகுதி ஓடவே இல்லை. ஒவ்வொரு சோதனையின் தலைப்பிலும், கேவிஎம் இல்லாவிட்டால் தவிர்த்துவிடு என்று எழுதியிருந்தது. சோதனைகளை ஓட்டும் பைடெஸ்ட் கருவியில் எல்லாச் சோதனைகளும் தவிர்க்கப்பட்டாலும் வெளியேறும் எண் பூஜ்யம்தான், அதாவது வெற்றி. ஒரு சோதனையைக்கூடக் கண்டுபிடிக்கவில்லை என்றால்தான் ஐந்து வரும். ஆகவே அறிக்கை பச்சை. முதல் முறையாக உண்மையில் ஓடியபோது அவற்றில் ஒன்று நிஜமான பிழையைப் பிடித்தது. ரீபூட்டுக்குப் பிறகு ஒரு டிஸ்க் மவுண்ட் ஆகாமல், அதாவது இயங்குதளத்தோடு இணையாமல், போகும் பிழை. அது ஏற்கெனவே பயனர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. சிவப்புகளுக்காக இரவெல்லாம் விழித்திருந்தோம், ஆபத்து பச்சைக்குள் இருந்திருக்கிறது. நேரத்தையும் பணத்தையும்விட இதுதான் என்னை அதிகம் பாதித்தது. தவிர்க்கும் வசதியை லேப்டாப்புக்கு வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. வெளியீட்டை முடிவு செய்யும் இயந்திரத்தில், இங்கே கேவிஎம் கட்டாயம் என்று ஒரு சூழல் மாறியை (environment variable) வைத்து, இல்லாவிட்டால் தவிர்ப்பதற்குப் பதில் விழச் செய்யுங்கள். தவிர்க்கப்பட்ட எண்ணிக்கையை அறிக்கையின் தலையிலேயே போடுங்கள்.

பின்னர் இதே சோதனைகளை மற்றவர்கள் தங்கள் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற வேறொரு விர்ச்சுவல் மெஷின் மென்பொருளை வைத்து ஓட்டியபோது, அங்கும் இதே கதை வேறு வேடத்தில் வந்தது. விர்ச்சுவல்பாக்ஸ் லினக்ஸில் வேலை செய்ய அதன் கர்னல் மாட்யூல், அதாவது கர்னலோடு சேரும் துணைப் பகுதி, ஏற்றப்பட வேண்டும். கர்னல் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் அந்த மாட்யூல் புதிய கர்னலுக்கு மறுபடி கட்டப்பட வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைச் செய்யும், ஆனால் கர்னலின் ஹெடர் பேக்கேஜ் இல்லாவிட்டால் அதனால் கட்ட முடியாது. கட்டினாலும், செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் ஏற்காது. இந்த நிலையிலும் விர்ச்சுவல்பாக்ஸின் கமாண்டான விபாக்ஸ்மேனேஜிடம் பதிப்பு எண்ணைக் கேட்டால், மாட்யூல் ஏறவில்லை என்று ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, கூடவே எண்ணையும் சொல்லும். எண் வந்ததா என்று மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்ட் அதைத் தேறியதாகவே எடுத்துக்கொள்ளும். லினக்ஸ் 6.12 வந்தபோது வேறொன்று சேர்ந்தது: கேவிஎம் மாட்யூல் ஏறும்போதே பிராசஸரின் வசதியைத் தன் கையில் எடுத்துக்கொள்வது இயல்பாக்கப்பட்டது. அதனால் நேற்றுவரை ஓடிய விர்ச்சுவல்பாக்ஸ், விடி-எக்ஸ் வேறொருவர் பிடியில் இருக்கிறது என்று பிழை காட்டி நின்றது. விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டும் என்றால் அப்போது கேவிஎம் மாட்யூலை இறக்க வேண்டியிருந்தது, அல்லது கர்னல் அளவுருவில் அந்த நடத்தையை அணைக்க வேண்டியிருந்தது.

விண்டோஸில் அதன் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி இயங்கினால் பிராசஸரின் வசதி அதன் கையில் இருக்கும். தெரிந்து இயக்கியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 அல்லது பாதுகாப்பு அமைப்பான கோர் ஐசோலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி இயங்கினாலும் அடியில் அதே ஹைப்பர்வைசர்தான் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடுக்கு). விர்ச்சுவல்பாக்ஸ் 6.0 முதல் ஹைப்பர்-வி மேலேயே ஏறி ஓடப் பழகிவிட்டதால் பிழை எதுவும் வராது, மெதுவாக ஓடும், அவ்வளவுதான். மெஷினின் ஜன்னலில் கீழே சின்ன ஆமை ஒன்று தெரிந்தால் இந்த நிலை என்று புரிந்துகொள்ளுங்கள். ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளில் வேறு விஷயம்: ஆர்ம் வகைப் பிராசஸருக்கான மெஷின்கள்தான் வேகமாக ஓடும், இன்டெல், ஏஎம்டி வகைக்கான எக்ஸ்86 டிஸ்க் இமேஜைக் கொடுத்தால் முழுக்க மொழிபெயர்ப்புதான். சோதனைக்கான இமேஜ் எந்த வகைக்கானது என்று முதலிலேயே பாருங்கள்.

இப்போது எங்கள் சோதனைகளுக்கு முன் ஒரு சிறிய சரிபார்ப்பு ஓடுகிறது. அது தேறாவிட்டால் வேறு எதுவும் தொடங்காது. பிராசஸரில் ஃபிளாக் இருக்கிறதா, கேவிஎம் மாட்யூல் ஏறியிருக்கிறதா, சாதனக் கோப்பை இந்த யூசரால் எழுதும் உரிமையோடு திறக்க முடிகிறதா என்று வரிசையாகப் பார்க்கும். லிப்விர்ட்டோடு வரும் விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட் இவற்றில் பெரும்பகுதியைத் தானே பார்த்துச் சொல்லும். உபுண்டுவில் கேவிஎம்-ஓகே என்ற சின்னக் கருவியும் உண்டு. விர்ட்-ஹோஸ்ட்-வேலிடேட்டில் ஐஓஎம்எம்யூ பற்றி எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம், சாதனங்களை நேரடியாக மெஷினுக்குள் கொடுப்பவர்களுக்குத்தான் அது தேவை. ஆனால் இவையெல்லாம் தேறினாலும் நான் அதோடு நிறுத்துவதில்லை. மிகச் சிறிய இமேஜ் ஒன்றை, டிசிஜிக்குத் திரும்பும் வழியை அடைத்துவிட்டு, கேவிஎம்மில் மட்டும் எழுப்பச் சொல்வேன். எழுந்ததும் உள்ளே சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் ஓட்டி, கேவிஎம் என்ற பதில் வந்தால்தான் தேறியது. எத்தனை நொடியில் எழுந்தது என்பதையும் குறித்துக்கொள்ளும். வழக்கத்தைவிட மிக அதிகமானால் அதுவும் தோல்விதான். இது ஒன்று தேறினாலே மேலே சொன்ன எல்லா அடுக்கும் வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும். மற்ற சரிபார்ப்புகள், இது விழும்போது எந்த அடுக்கில் என்று சொல்வதற்குத்தான்.

நெட்வொர்க்கையும் அதே சிறிய மெஷினை வைத்தே பார்த்துவிடுங்கள். லிப்விர்ட்டின் டிஃபால்ட் நெட்வொர்க் நிறுவும்போது உருவாகியிருக்கும், ஆனால் தானாகத் தொடங்கும்படி அமைக்கவில்லை என்றால் ரீபூட்டுக்குப் பிறகு கிடந்துபோகும். அது பயன்படுத்துவது 192.168.122.0 வரிசை. விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே லிப்விர்ட்டை நிறுவிச் சோதித்தால், வெளியிலும் உள்ளேயும் அதே வரிசை மோதும். உள்ளே இருப்பதன் வரிசையை மாற்றிவிடுங்கள். இன்னொன்று, லிப்விர்ட்டின் கமாண்டான விர்ஷை சாதாரண யூசராக ஓட்டினால் அது சிஸ்டம் இணைப்புக்குப் போகாமல் அந்த யூசருக்கே உரிய செஷன் இணைப்புக்குப் போகும். அங்கே மெஷின் பட்டியலும் வேறு, நெட்வொர்க்கும் வேறு. எல்லாம் காணாமல் போய்விட்டதே என்று பதறும் முன் எந்த இணைப்பில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். டிஸ்க்கில் இடம், காலியாக உள்ள நினைவகம் இரண்டையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம்.

சரிபார்ப்பு விழும்போது வரும் செய்தியையும் அக்கறையோடு எழுதுங்கள். விர்ச்சுவலைசேஷன் இல்லை என்று மட்டும் சொன்னால் அடுத்தவர் என்னைப் போலவே அலைவார். கேவிஎம் கோப்பு இருக்கிறது, ஆனால் இந்தப் பெயருள்ள யூசரால் திறக்க முடியவில்லை; அவரைக் கேவிஎம் குரூப்பில் சேர்த்து, சேவையை நிறுத்தித் தொடங்குங்கள் என்று முழு வாக்கியமாக இருக்கட்டும். தேறினாலும் கர்னல் பதிப்பு, க்யூஎமு பதிப்பு, கிடைத்த ஆக்சிலரேட்டர் (கேவிஎம்மா, டிசிஜியா), பூட் ஆன நேரம் நான்கையும் ஒவ்வொரு சோதனை அறிக்கையின் முதல் வரிகளில் எழுதச் செய்யுங்கள். சோதனை விழுந்தால் மூலநிரலைத் திறக்கும் முன், கடைசியாகத் தேறிய அறிக்கையின் அந்த நான்கு வரிகளோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.